நபர் ஒன்று

பீல் நகரத்தில் பதினேழு வருடமாய் பஸ் ஓட்டுகிறேன்.
காலையில் ஏரிப்பக்கம், மாலையில் மலைப்பக்கம்.
என்ன கணக்கோ,
எந்தப் பக்கம் திருப்பினாலும் வெயில் வந்து குந்துவது
என் இடது கன்னத்தில்தான்.
இடது கண்ணோரம் ஐந்து கோடு.
வலதில் மூன்று.

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு
மச்சாள் சயந்தினி தந்த பெட்டிக்குள்
வெள்ளை பிளாஸ்டிக் முகமொன்று மல்லாந்து கிடந்தது.
ஆளியைத் தட்டினால் உள்ளே சிவப்பாய் எரியும்.
"பத்து வயது குறையும் மச்சாள்" என்றாள்.
பெட்டியின் அடியில் உரிக்க மறந்த விலை:
முந்நூற்று நாற்பது பிராங்.
பார்த்த இடத்திலேயே
இரண்டு வயது கூடிவிட்டது எனக்கு.

மகன் அகரனுக்கு அப்போது
பள்ளிக்கூட ஆய்வுக்கொரு தலைப்பு வேண்டியிருந்தது.
ஏரித் தண்ணீரை மூன்று பேர் எடுத்துவிட்டார்கள்.
தாயின் முகம் மிச்சம் இருந்தது.

நாணயம் சுண்டினான். இடது விழுந்தது.
வெளிச்சம் இடது பாதிக்கு மட்டும்;
வலது பாதியில் கறுப்பு நாடா ஒட்டினான்.
நெற்றிக்கு வெளிச்சம் இல்லை, களிம்பு.
ஒரே மாதிரி இரண்டு போத்தல், 'அ' ஒன்று, 'ஆ' ஒன்று.
ஒன்றில் மருந்துக்கடையின் நூற்றெண்பது பிராங் களிம்பு,
மற்றதில் மூலைக்கடையின் ஐந்து பிராங்.
எது எதுவென்று சொல்லவில்லை.
கொப்பியில் என் பெயரும் இல்லை.
நபர் ஒன்று, பெண், தொழில்: சாரதி.

இரவுகளில் அரை முகம் எரிய
குசினி யன்னலோரம் உட்கார்ந்து பயறு கிள்ளினேன்.
எதிர்வீட்டு கேர்பர் அம்மா
மூன்றாம் நாள் மணியடித்துக் கேட்டாள்,
எல்லாம் சுகம்தானே?

சனிக்கிழமைதோறும் ஸ்டேஷன் படப்பெட்டி.
அதே கதிரை, அதே உயரம், இழுத்துக் கட்டிய தலை.
திரைக்கு வெளியே நின்று சொல்வான்:
"அம்மா சிரிக்காதேங்கோ, தரவு கெட்டுப்போகும்."
பிறகு மில்லிமீட்டர் அளவுகோலோடு
என் கண்ணருகே குனிவான்.
பல் துலக்காமல் வந்த நாட்களை அப்படித்தான் பிடித்தேன்.

ஐந்தாம் கிழமை சத்தியம் பண்ணினேன்,
'அ' தான் விலை கூடினது.
பட்டு மாதிரி இறங்குது, ரோசா மணக்குது,
நெற்றியில் அந்தப் பக்கம் மினுங்குது பார் என்று.
டிப்போவில் லோரன்ஸும் பார்த்துவிட்டு
ஓம், அந்தப் பக்கம்தான் என்றாள்.

பன்னிரண்டாம் கிழமை கொப்பியை விரித்தான்.
'அ' மூலைக்கடை.
நெற்றியில் இரண்டு பக்கமும் வறட்சி போயிருந்தது,
கோடு போகவில்லை.
மினுக்கம் எந்த அட்டவணையிலும் இல்லை.
இடது கண்ணோரம்?
ஐந்து ஐந்தாகவே இருந்தது.
அதில் ஒன்று, நூலளவு,
ஆழம் கூடியிருந்தது.

அவனுடைய ஆசிரியை சிவப்புப் பேனையால் எழுதினாள்:
நல்ல உழைப்பு. ஆனால்
வைகாசி தொடங்கி ஆடி வரை
நபர் ஒன்று ஓட்டிய பஸ்ஸின் யன்னலை
நீ கணக்கில் எடுக்கவில்லை.
கருவி கொஞ்சம் குறைத்திருக்கலாம்,
வெயில் அதைத் திரும்ப எழுதியிருக்கலாம்.
ஒரு முகம் போதாது.

ஒரு முகம் போதாதாம்.
எனக்கு இருப்பது அதுதான்.

முகமூடியை கேர்பர் அம்மா இரவல் வாங்கிப் போனாள்.
இரவில் எதிர் யன்னலில் இப்போது அவள் எரிகிறாள்.
தனக்கு நல்ல வித்தியாசம் என்கிறாள்.
நான் ஒன்றும் கேட்பதில்லை.

ஏழாம் கிழமைப் படம் ஒன்று குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது.
அன்று திரைக்கு வெளியே அவனுக்கு விக்கல் பிடித்தது,
எனக்கு அடக்க முடியவில்லை.
இரண்டு பக்கமும் எண்ண முடியாத கோடுகள்.
பின்னால் அவன் கையெழுத்து: செல்லாது.

வெயில் களிம்பு சாரதி ஆசனத்துக்குப் பக்கத்தில்,
தேத்தண்ணிப் போத்தலோடு நிற்கிறது.
நடுச்சந்திச் சிவப்பு விளக்கில் நாற்பது வினாடி.
மூடியைப் பல்லால் திறந்து
இடது கன்னத்தில் வெள்ளையாய் இழுக்கிறேன்.
கண்ணாடியில், பின்னாசனத்து ஆள்
கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறான்.
தெரியும் ஐயா.
பச்சை விழட்டும்.