இறக்குமதியாளர்

பாத்திமுத்து ரவிக்கைக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தபோது
குறுஞ்செய்தி வந்தது.
"அன்புள்ள இறக்குமதியாளரே" என்று ஆரம்பம்.
திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாரும் இல்லை.
எட்டுக்கு ஆறு கடை, ஒரே மெஷின்,
பட்டன் போட்டுவைத்த ஹார்லிக்ஸ் பாட்டில்,
வாசல்வரை வந்து நிற்கும் கருவாட்டு வாடை.
கடலூர் முதுநகரில்
இறக்குமதியாளர் தமயந்தி
நான்தான்.

ஆதாரைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள்.
அனுப்பினேன்.
அதில் என் முகம் எப்போதும்
எதையோ கடத்தி வந்தவள் முகம்.

வாங்கியது ஒரு கத்தரி.
இடதுகைக் கத்தரி, ஒசாகாவிலிருந்து.
பத்தொன்பது வருஷமாக
வலதுகைக்காரர்களின் கத்தரியில் வெட்டுகிறேன்.
மேல் அலகு வந்து கோட்டை மறைத்துக்கொள்ளும்.
குத்துமதிப்பாய் வெட்டி
அரை நூல் தள்ளியே பழகிய கை இது,
கட்டைவிரல் அடியில் காய்ப்போடு.

விலையைக் குறைத்து எழுதட்டுமா என்று
விற்றவன் கேட்டிருந்தான்.
வேண்டாமென்றேன்.
நேர்மை இல்லை, பயம்.

வெட்டு மிச்சத் துணியில்
சாக்கட்டியால் கணக்குப் போட்டேன்.
கத்தரி விலை,
அதோடு விமானக் கூலி,
அதோடு காப்பீடு, ஏதோ நாற்பது ரூபாய்.
மூன்றையும் கூட்டினால்தான்
சுங்கத்தின் கண்ணுக்கு அது கத்தரி.
பறந்து வந்த தூரமும்
இரும்போடு இரும்பாய் எடைக்கு ஏறிவிட்டது.
யென்னுக்கு எத்தனை ரூபாய் என்பதும்
நான் பணம் கட்டிய நாளின் கணக்கில்லையாம்,
அவர்கள் அறிவித்த கணக்கு.
அதன்மேல் சுங்கவரி.
சுங்கவரியின் முதுகில் ஒரு குட்டி வரி,
சமூக நலத்துக்காம்.
எல்லாம் சேர்த்து, அதற்கும் மேலே ஜிஎஸ்டி.
துணி தீர்ந்துவிட்டது, திருப்பிப் போட்டு எழுதினேன்:
எனக்காக வரியை முன்னால் கட்டியதற்குக் கூரியர்காரன் கூலி,
அந்தக் கூலிக்கும் ஜிஎஸ்டி.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்க் கத்தரி
ஐயாயிரத்து எண்ணூற்றுச் சொச்சத்தில்
வந்து இறங்கியது.

கொண்டுவந்தவன் தேவநாதன்.
புதுச்சேரிக் கிடங்கிலிருந்து தினமும் வருகிறான்.
"கடல் தாண்டி வந்தப்ப
ஒரு முத்திரையோட விட்டுட்டாங்கக்கா,
முள்ளோடையில தான்
பையைக் கொட்டச் சொன்னாங்க.
பாட்டில் இருக்கான்னு."
அரை மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறான்.
ஒரு பக்கம் ஒரு விலை,
ரோட்டுக்கு இந்தப் பக்கம் இன்னொரு விலை,
நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் டார்ச்சும்.
தண்ணீர் கொடுத்தேன்.
ரெண்டு சொம்பு குடித்தான்.

அட்டையைக் கிழித்தேன்.
எண்ணெய் மணம், மெல்லிய காகிதம்,
புரியாத எழுத்து.
பாத்திமுத்துவின் அடுத்த ரவிக்கைத் துணியை விரித்து
கழுத்து வளைவில் வைத்தேன்.
கோடு தெரிந்தது.
முழுக் கோடும், வெள்ளையாய்,
அலகுக்கு இந்தப் பக்கம்,
என் பக்கம்.
வெட்டி முடிக்கும்வரை
மூச்சு விட்டேனா என்று ஞாபகமில்லை.

சாயங்காலம் பாத்திமுத்து வந்தாள்.
கூலியைக் கேட்டதும் வழக்கம்போல
கன்னத்தில் கைவைத்தாள்.
"துணியே இருநூத்தம்பது தான் தமயந்தி!"
"லைனிங் தனி," என்றேன்,
"ஹூக்கு தனி, பைப்பிங் தனி,
கழுத்துக்குப் பின்னால முடிச்சு கேட்டீங்களே, அது..."
சொல்லிக்கொண்டே வரும்போது
என் குரல் எனக்கே
எங்கேயோ கேட்ட குரலாய் இருந்தது.

முடிச்சுக்குக் காசு வேண்டாம் என்றேன்.
சந்தேகமாகப் பார்த்துவிட்டு
பையைத் திறந்து
ரவிக்கையை மறுபடி
எண்ணிப் பார்த்தாள்.