துணைக்கருவிப் பதிவேடு

மார்ச் முடிவதற்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும்.
பீரோவைத் திறந்தேன்.
லேமினேட் செய்த சிந்துவெளிக் காளை, ஒரு கொம்பு கிழிந்து.
தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய ‘சமத்துவம்’,
த்-மேல் இருந்த புள்ளி உதிர்ந்து
சமததுவம் என்று நிற்கிறது இரண்டு வருசமாய்.
அதற்குக் கீழே அந்தக் கட்டு.

நாகவேணி கொண்டுவந்தது.
நோட்டுக்கு நடுவே நாலாய் மடித்து,
‘சார், இதுக்கெல்லாம் என்ன எழுதணும்?’
கோட்டாட்சியர் அலுவலகக் கடிதம்.
அஞ்செட்டிக் காட்டோரத்துக் கெம்பன்
இருளர்தான் என்பதற்கு
ஒன்பது கேள்வி.
குலதெய்வம் எது, எந்தக் காலம் முதல்?
சாவுக்கு மேளம் அடிப்பவர் யார்?
குலத்தொழிலைச் செய்து காட்ட இயலுமா?
1950க்கு முன் படித்த உறவினரின் பள்ளிச் சான்று உண்டா?

பள்ளிக்கூடம் அந்த மலையை
எட்டிப் பார்த்ததே எண்பத்தாறில்.

மறுநாள் பாடம் அடிப்படை உரிமைகள்.
புத்தகத்தை மூடச் சொன்னேன்.
கெம்பன் பெயரை வெள்ளை மையால் மறைத்து
பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையில் எடுத்த
நாற்பத்தொரு நகல்.
நீங்கள் இன்னார்தான் என்று நிரூபியுங்கள்,
நேரம் நாற்பது நிமிடம்.

முதலில் சிரிப்பு.
மேளத்துக்குப் பின்பெஞ்சு தாளம் தட்டியது.
பிறகு பேனாக்கள் ஒவ்வொன்றாய் நின்றன.
‘எங்கப்பா மில்லுல உக்காந்திருப்பாரு, அவ்ளோதான்.
அதை எப்படி சார் செஞ்சு காட்டுறது?’ என்றான் திலீபன்.
வீட்டில் தெலுங்கு பேசும் ரம்யஸ்ரீக்குக் கோபம்:
‘எங்க சாமி எப்ப வந்துச்சுன்னு
சாமியவே கேக்கச் சொல்லுங்க.’

நானும் ஒரு தாள் எடுத்தேன்.
மூன்றாவது கேள்வி தாண்டவில்லை.
எனக்குச் சான்றிதழ் மூன்றே நாளில் வந்தது,
பிளாஸ்டிக் உறையில் பத்திரமாய் இருக்கிறது.
யாரும் எதையும் கேட்கவில்லை.
கேட்கவில்லை என்பதே
அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நாகவேணி எழுதவில்லை.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள்.
‘பாத்து எழுதாதே’ என்றாள் திலீபனிடம்.
மணி அடித்ததும் தாள்களை வாங்கி,
என் சிவப்புப் பேனாவையும் வாங்கி,
ஒவ்வொன்றிலும், என்னுடையதிலும்,
சுழித்துச் சுழித்து எழுதினாள்:
ஆதாரம் போதவில்லை.

அவள் பத்தாம் வகுப்புப் படிவத்தில்
சாதிக் கட்டம் இன்னும் காலி.

வரிசை எண் பதினேழு. பொருள்: கடிதம், நகல்களுடன்.
செலவு நாற்பத்தொரு ரூபாய், சொந்தப் பணம்.
நிலை என்ற இடத்தில்
நன்று, பழுது, இரண்டே கட்டம்.
ஓரத்தில் இடம் பிடித்து எழுதுகிறேன்:
இன்னும் உபயோகத்தில் உள்ளது.