இரண்டாம் பீரியட்

வீட்டுச் சாவி கையில்தான் இருந்தது.
வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்டார்.
உள்ளே ஒரு கட்டில், ஒரு மிக்ஸி,
ரேஷன் கார்டு,
ஜெனிஷாவின் ஐந்தாம் வகுப்பு டிசி.
மூன்று மாத வாடகைக்கு
எல்லாமே பிணை.

கமலபாய் இதைச் சொன்னது என்னிடமல்ல,
மேசைமேல் இருந்த உலக உருண்டையிடம்.
முந்திரிப் பால் கறுப்பாக்கிய விரல்களால்
அதை மெல்லச் சுற்றிக்கொண்டே.

"இப்போ எங்க கெடக்கிய?"
"டேசன்ல."
"போலீஸ் டேசனா?"
"ரயிலு டேசன், டீச்சர். குழித்துறை."
மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.
சஜின் சிரிக்கவில்லை.
அவன் பார்வை எங்கள் பள்ளி மணியில்.
கயிற்றில் தொங்கும் அந்த இரும்பு
தண்டவாளத் துண்டென்று
அவன் ஒருவனே கண்டுபிடித்தான்.

கிளார்க் தாணுலிங்கம் நல்ல மனிதர்.
நல்ல மனிதர்களுக்கே உரிய பயம் அவருக்கு.
"டிசி இல்ல, இருப்பிடச் சான்று இல்ல.
கதவு எண் போடாம
அடுத்த பக்கத்துக்கே போவ மாட்டேங்குது."
டிசி இல்லாமல் சேர்க்கச் சட்டம் உண்டு.
கதவு எண் இல்லாமல் சேர்க்க
கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.
பள்ளியின் எண்ணையே போடச் சொன்னேன்.
அது பொய்யா என்று
இன்றுவரை யாரும் கேட்கவில்லை.
நான்தான் கேட்டுக்கொள்கிறேன்,
சில ராத்திரி, என் வீட்டு மின்விசிறிக்குக் கீழே.

சேர்ப்பது ஒரு கையெழுத்து.

இரண்டாம் பீரியடில் தூங்கிவிடுவாள்.
தட்டி எழுப்பப் போன என் கையை
சஜின் முந்தின நாள் சொன்னது நிறுத்தியது:
"ராத்திரி போலீசு மாமன் வந்து எழுப்பும்.
அக்கா உறங்காது. பையப் பாத்துட்டு இரிக்கும்."
மற்றவர்களிடம் சொன்னேன்,
ஏழாம் வாய்ப்பாடு, சத்தமில்லாமல்.
முப்பத்தொரு பிள்ளைகள்
கிசுகிசுவென்று பெருக்கினார்கள்.
அத்தனை சுத்தமாய் ஏழாம் வாய்ப்பாட்டை
அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

வாவுபலிப் பொருட்காட்சி தொடங்கியதும்
பதினோரு நாள் ஆளில்லை.
பன்னிரண்டாம் நாள் சாயங்காலம்
ராட்டினத்துக்குப் பின்னால், டெல்லி அப்பளக் கடையில்,
மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டிருந்தாள்.
ஓடவில்லை. ஒளியவுமில்லை.
இருப்பதில் பெரியதாய் ஒன்றை எடுத்து நீட்டி
"பைசா வேண்டாம் டீச்சர்" என்றாள்.
கொடுத்தேன். தின்றேன்.
அதற்கப்புறம்தான் சண்டை,
கடைக்காரரோடும் கமலபாயோடும்.
"ராத்திரி முழுக்க இங்க வெளிச்சம் உண்டு,
பிள்ளையளுக்குப் பேடி இல்ல"
என்று அவள் சொன்னதும்
சண்டை போட ஆளில்லாமல் நின்றேன்,
கையில் எண்ணெயோடு.

பிறகு செய்ததெல்லாம் சின்னச் சின்ன வேலை.
ஆய்வகத்து இரும்பு அலமாரியில்,
எலும்புக்கூட்டுப் படத்துக்கு அருகில், ஒரு தட்டு.
இரண்டு பை, ஒரு சோப்பு,
மாற்றுச் சீருடை. சாவி அவளிடம்.
ஏழு மணிக்கே குழாயடியைத் திறந்துவிடுவாள்
கூட்டிப் பெருக்க வரும் செபஸ்தியாள்.
காலை உப்புமா
ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் என்பதால்
சஜினின் தட்டில் கரண்டி இரண்டு முறை இறங்கும்.
அவன் வயிற்றைப் பற்றி
யாரும் எதுவும் பதிவேட்டில் எழுதவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள்
நனைந்துகொண்டே வந்தாள் கமலபாய்.
கருங்கல் பக்கம் ஒற்றை அறை கிடைத்திருக்கிறது.
ஓடு ஒழுகும், கதவு உண்டு.
"டிசி வாங்கிட்டுப் போலாம்னு..."
தாணுலிங்கம் படிவத்தைத் தேடக் குனிந்தார்.
"பஸ்சு ஓசிதானே?" என்றாள் ஜெனிஷா,
என்னிடமல்ல, அம்மாவிடமுமல்ல,
உலக உருண்டையிடம்.
அவர் நிமிர்ந்தார். படிவத்தை எடுக்கவில்லை.

இன்று கருங்கல் பஸ் தாமதம்.
இரண்டாம் பீரியடில்தான் நுழைந்தாள்.
உட்கார்ந்தாள். விழித்திருந்தாள்.
அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி
ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள்.
சிவப்புப் பேனாவைத் திறந்து
பெரிதாக, சந்தோஷமாக
ஒரு தப்பு போட்டேன்.