இதர விவரங்கள்

ஐந்துக்கு எத்தனை என்று கேட்கிறாள்
பாலக்காட்டு ஆஸ்பத்திரிப் பெண்.
மலையாளத்தில் கேட்டு மலையாளத்தில் எழுதுகிறாள்.
மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா?
எங்களுக்கு மாடி ஏது.

பெயர் ஆரோக்கியம்.
எழுதிவிட்டு ஒரு நொடி பேனாவை நிறுத்தினாள்.

பஸ்ரா பக்கம் குழாய் பதிக்கப் போனவர்.
காற்று திரும்பிய இரவு
பூண்டு வாசம் அடித்ததாம்.
முப்பத்தெட்டு வருஷமாக
அந்த ஒரு வரிக்கு மேல் சொன்னதில்லை.

வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் லாரிகள் நிற்க நிற்க
சன்னலைச் சாத்துகிறேன்.
படுக்க முடியாது, உட்கார்ந்தே உறக்கம்.

அவள் தாளில் இல்லாதது:
கடுகு தாளிக்க
கரண்டியோடு ருக்கியா வீட்டு அடுப்புக்கு நான் போவது.
மூடி எடுத்துவந்து குழம்பில் கவிழ்த்தால்
சொய்ங்.
"இன்னிக்குக் கருக விட்டுட்ட"
உள்ளேயிருந்து, இருமலுக்கு நடுவே.

சரிதான்.
ருக்கியாவோடு பேசிக்கொண்டிருந்துவிட்டேன்.