பூட்சுக்குள் ஒரு வில்லை

அம்மா இறந்த மறுநாள்
கீழறையில் அவள் ரப்பர் பூட்சைக் கவிழ்த்தேன்.
உப்புத்தான் உதிரும் என்று நினைத்தேன்.
விழுந்தது ஒரு பித்தளை வில்லை.

ஒரு பீப்பாய்க்கு ஒரு வில்லை. அதுதான் கணக்கு.
ஹெர்ரிங் மீனின் தலை கொய்து, குடல் உருவி,
உப்பில் புரட்டி, வயிறு மேலே பார்க்க
வட்டம் வட்டமாக அடுக்கி
விளிம்பு தொட்டதும் கத்த வேண்டும்.
மேஸ்திரி வந்து பூட்சின் வாய்க்குள் போடுவார்.
கை இரண்டும் மீனாக இருக்கிறபோது
வேறெங்கே போடுவது?

ஐஸ்லாந்தின் வடகரை. கோடையில் சூரியன்
மலைவிளிம்பில் குந்திக்கொள்ளும், இறங்காது.
படகு எந்நேரம் வந்தாலும்
எழுப்புகிற பையன் சன்னலைத் தட்டுவான்:
“தோர்கெர்துர், மீன்!”
மற்ற வீடுகளில் இரண்டு முறை தட்ட வேண்டும்.

ஊரிலேயே குள்ளம் அவள்.
பீப்பாயின் அடிவரிசை எட்டாது.
இடுப்புவரை உள்ளே தொங்கி
கால்கள் அந்தரத்தில் உதைக்க அடுக்குவாள்.
அப்பா முதலில் பார்த்தது அந்தக் கால்களைத்தானாம்,
முகம் பிறகுதான்.
இரண்டு கோப்பை உள்ளே போனால் அவரே சொல்வார்.

அப்பாவின் படகு திரும்பாத வருடம்
எனக்கு ஆறு வயது. மேலே மூன்று பேர்.
நான்காம் நாள் சன்னல் தட்டப்பட்டது.
பையன் தயங்கித்தான் தட்டினான்.
அம்மா ஏற்கெனவே ஏப்ரன் கட்டியிருந்தாள்.

அப்புறம் ஒரு கோடையில் மீன் வரவில்லை.
அடுத்த கோடையிலும்.
பெண்கள் மேடையில் கையைக் கட்டிக்கொண்டு
கடலையே பார்த்தார்கள். அம்மா பார்க்கவில்லை.
மீனை உறைய வைக்கும் ஆலைக்கு நடந்துவிட்டாள்.

அங்கே வெளிச்ச மேசை. அடியில் விளக்கு,
மேலே காட் மீனின் துண்டம்.
நூலிழையாகத் தெரியும் புழுவைக்
கத்திமுனையால் எடுக்க வேண்டும்.
பத்தொன்பது வருடம் எடுத்தாள்.
வீட்டில் ரொட்டியைக்கூட
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள்.
எங்களையும் அப்படித்தான் பார்த்தாள்.
கட்டிப்பிடித்த நினைவு எனக்கு இல்லை.

பேரப்பிள்ளைகளுக்கு அவள் கதை சொன்னதில்லை.
கூலி கொடுத்தாள்.
ஒரு வாளி உருளைக்கிழங்கு உரித்தால் ஒரு பொத்தான்.
பத்துப் பொத்தானுக்கு ஒரு சாக்லேட்.
என் மகள் ஸ்னைப்யோர்க் ஒருமுறை
தன் கோட்டிலிருந்தே ஒன்றைப் பிய்த்துக் கணக்கில் சேர்த்தாள்.
அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை.
கோட்டில் தைத்துக் கொடுத்தாள்,
தையல்கூலியாக இரண்டு பொத்தான் பிடித்துக்கொண்டாள்.

தொண்ணூற்று நாலு வயது.
கடைசி வாரம் நர்சிடம் கேட்டாள்,
இந்தப் படுக்கைக்கு நாள்வாடகை எவ்வளவு?
ஒன்றுமில்லை என்றதும்
முகம் திருப்பிக்கொண்டாள், நம்பாமல்.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் காப்பி.
சக்கரநாற்காலியில் குத்ஃபின்னா,
அம்மாவுக்கு அடுத்த பீப்பாயில் நின்றவள்,
என் கையைப் பிடித்து இழுத்தாள்.
“வில்லை கிடைத்ததா?”

நான் பிறந்த இரவாம்.
முக்கால் பீப்பாயில் அம்மாவுக்கு நீர் உடைந்திருக்கிறது.
உப்புமூட்டைகளுக்கு நடுவே என்னைப் பெற்றுப்போட்டுவிட்டு
மிச்சத்தை அடுக்க எழுந்தாளாம்.
பிடித்துத் தள்ளிப் படுக்கவைத்துவிட்டு
குத்ஃபின்னா அடுக்கினாள்.
வில்லையை அம்மாவின் பூட்சில் போடச் சொன்னாள்.

மறுவாரம் அம்மா திருப்பிக் கொண்டுவந்தாள்:
கால் பீப்பாய் நீ அடுக்கியது.
முக்கால் உன்னுடையது, போ என்றாள் இவள்.
மறுபடி வந்தாள். மறுபடி போ.
அறுபது வருடம், ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும்.
இருவரில் ஒருவரும் அதைக் காசாக்கவில்லை.
கம்பெனியே மூடிப்போயிற்று.

“இப்போது என்ன செய்வது?” என்றேன்.
“எனக்கு வேண்டாம்,” என்றாள் கிழவி, சட்டென்று,
அம்மா வாசலில் நிற்கிற மாதிரி.

கல்லறைக்குத் திரும்ப நடந்தேன்.
கையுறைக்குள் குளிர்ந்தது.
என்ன தோன்றிற்றோ, குனிந்து
ஷூவுக்குள் போட்டுக்கொண்டேன்.
அடிக்கு அடி உறுத்திற்று.
ஒன்றே இப்படி.
அவள் ஓர் இரவுக்கு முப்பது வாங்குவாள்,
அத்தனையோடும்
வீடுவரை நடந்து வருவாள்.