ஏழாம் மாடிச் சாவி

ருவியில் ஜூலை.
குளிர்க்குழாயிலும் வெந்நீர்தான் வரும்.
பள்ளி அடைத்தாயிற்று. ஜெர்லின்
ஹாலுக்கும் அறைக்குமாய் ஏசிக் காற்றில்
அலைந்துகொண்டிருந்தாள்.

பத்து வயது.
ஒரு சாலையைத் தனியாகக் கடந்ததில்லை.
லிஃப்ட், பஸ், வகுப்பறை, பஸ், லிஃப்ட்.
தலை பின்ன நான்,
மீனில் முள் எடுக்க அவள் அப்பா.

ஜபல் அக்தரில் ஐந்து நாள் முகாம் என்று
தாளை நீட்டினாள்.
நான் அதில் தேடியது அவசரத் தொலைபேசி எண்.
அவள் விரல் வைத்திருந்தது
கூடாரத்தின் படத்தில்.

துண்டில், டார்ச்சில், ஒவ்வொரு சாக்ஸிலும்
அழியாத மையில் பெயர் எழுதினேன்.
தனித் தாளில் இதையும்:
பால் பிடிக்காது. இருட்டென்றால் பயம்.
சுவரோரம்தான் படுப்பாள்.
கூடாரத்துக்கு ஏது சுவர் என்று
பையை மூடிய பிறகுதான் தோன்றியது.

மறுநாள் லேபில்
இரண்டு ரத்தக் குப்பிகளில்
பெயரை மாற்றி ஒட்டப் போனேன்.
பதினாறு வருடத்தில் முதல் தடவை.

மூன்றாம் நாள் அழைத்தாள்.
ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம்.
கேள்விகளை அடுக்கி வைத்திருந்தேன்.
"அம்மா, வைக்கிறேன்.
பின்னாடி ஆள் நிக்கிறாங்க."
நாற்பது நொடி.
மீதி எண்பது நொடியும்
போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை நான்.

திரும்பி வந்தாள்,
முட்டியில் சிராய்ப்போடு, கோணல் பின்னலோடு.
நானே போட்டது, தொடாதே என்றாள்.
பெயர் எழுதிய சாக்ஸ் ஒன்றை
ஆடு தின்றுவிட்டதாம்.

அழுதியா?
"ரெண்டாம் ராத்திரி. ஷம்ஸாவும் அழுதா.
அப்புறம் ரெண்டு பேரும் டார்ச் அடிச்சிட்டே
பாத்ரூம் போயிட்டு வந்தோம்."
எவ்வளவு தூரம், கூட யாரும் வரலையா,
பாம்பு கீம்பு –
கொட்டாவி விட்டாள்.
அந்த இருட்டில் எனக்குப் பங்கில்லை.

பையின் அடியில் என் தாள்
மடிப்புக் கலைந்திருந்தது.
பின்பக்கம் பென்சிலில்
கூடாரக் கயிற்றுக்கு முடிச்சுப் போடும் விதம்,
மூன்று படங்களாக.
மூன்றாவது மட்டும் அடித்துத் திருத்தியது.

சாயங்காலம் குபூஸ் தீர்ந்திருந்தது.
"நான் போறேன்" என்று கை நீட்டினாள்.
இருநூறு பைசா வைத்தேன்.
கையை மடக்கவில்லை.
சாவி வேண்டுமாம்.

ஏழாம் மாடி ஜன்னலிலிருந்து
ஓர் உச்சந்தலை தெரிந்தது, கோணல் வகிடோடு.
சாலையோரம் நின்றது.
ஒரு வெள்ளைக் கார் வேகம் குறைத்தது.
அவள் கை உயர்த்தினாள்,
போக்குவரத்துப் போலீஸ் மாதிரி.
பிறகு கடைப்பலகைக்குக் கீழே காணாமல் போனாள்.

பதினோரு நிமிடம்.
லிஃப்ட் வந்த சத்தம் இல்லை.
படிக்கட்டில் செருப்பு.

பூட்டில் சாவி நுழைந்தது.
இடப்பக்கம் திருகினாள். திறக்கவில்லை.
மறுபடியும் இடப்பக்கம்.
கதவுக்கு இந்தப் பக்கம்
தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் தள்ளி என் கை.
வலப்பக்கம்டி.
சொல்லவில்லை.

வெளியே
சாவியை உருவும் சத்தம்.
கொஞ்சம் யோசிக்கும் சத்தம்.