கோட்டைக்கு இரண்டு அம்பு

கொத்துக்கடை பில்லின் பின்பக்கத்தில்
இரண்டு புள்ளி வைத்தேன்.
வெள்ளவத்தை. கோட்டை.
புள்ளிக்குள்ளே என்ன இருக்கிறது என்று
கேட்கக் கூடாது, சிஃபானா,
இந்தக் கணக்கின் முதல் மரியாதை அது.
எது வந்து நிற்கிறது, எது புறப்படுகிறது,
அவ்வளவும் தெரிந்தால் ஊர் தெரிந்த மாதிரி.

ஒவ்வொரு புள்ளிக்கும்
தன்னிலிருந்து தனக்கே ஓர் அம்பு உண்டு.
ஒன்றும் செய்யாது. பெயர், அடையாளம்.
அந்த ஒன்றும் செய்யாததற்காகத்தான்
ஒரு காலம் பம்பலப்பிட்டிச் சாவடியில்
நாற்பது நிமிடம் நின்றேன்,
போன அதே ஆளாக வெளியே வர.

அவள் சிரிக்கவில்லை. "பிறகு?"

பிறகு கோப்பது.
எண்ணை வாங்கிச் சொல்லைத் தரும் நிரல்,
சொல்லை வாங்கி ஆம் இல்லை சொல்லும் நிரல்;
முனை பொருந்தினால் ஒரே நிரல்.
அடைப்புக்குறியைப் பம்பலப்பிட்டியில் போடு,
கொள்ளுப்பிட்டியில் போடு,
பயணம் மாறாது.

மேலே ஓர் அம்பு வளைத்தேன்: நூற்றியொன்று பஸ்.
கீழே ஒன்று: ரயில்.
ஏறியது ஓரிடம், இறங்கியது ஓரிடம்.
நடுவில் சமன் குறி போட்டேன்,
கொஞ்சம் பெருமையாகவே.

"ரெண்டும் ஒண்டா?"
பேனையை வாங்கிக்கொண்டாள்.
"பஸ்ஸில ஒண்டேகால் மணித்தியாலம்,
ஆரோ ஒராளிட முழங்கை விலாவில.
ரயிலில இருவது நிமிஷம்,
கண்ணாடியில உப்பு.
சமன் எண்டு போட்டா
கடல் எங்க போச்சு?"

போன கிழமை
இரவு முழுக்க ஓடிய கணக்கை
நாலு நிமிடத்துக்குக் கொண்டுவந்தவள் அவள்.
வெளியே வந்த பட்டியல்
எழுத்துக்கு எழுத்து பழையதே.
என்ன மாறியது என்று மேலாளர் கேட்க
"ஒண்டும் மாறல்ல" என்றாள்.
சரியான விடை.
யாரும் கை தட்டவில்லை.

இப்போது சமன் குறியை வெட்டினாள்.
பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு,
அம்பிலிருந்து அம்புக்கு,
இரட்டைக் கோட்டில் ஓர் அம்பு இறக்கினாள்.
"இதுக்குப் பேர் இரிக்கா?"
இருக்கிறது. புத்தகத்தில்
இருநூறு பக்கம் தள்ளி வரும்.
நான் சொல்லவில்லை,
பில்லை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று
பக்கமாகத் தள்ளினேன்.

ஒரு மணி பத்து.
ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை.
எல்லா அம்புகளையும் திருப்பிப் போட்டு
வீட்டுக்குப் போக வேண்டிய நேரம்.
புறக்கோட்டை மழையில் ஒரு த்ரீவீல் நின்றது.
சாரதி மீற்றரைப் போட்டுவிட்டுச்
சிங்களத்தில் கேட்டார்,
எந்த ரோட்டால் போவது என்று.

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்:
கடலோரத்தால்.